இருபத்தொன்பதாம் தேதிப் பூசை

தனிஸ்லாஸ் இறந்தது 2020ஆம் வருஷம் பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால். கல்லறைக் கல்லில் மார்ச் ஒன்று என்று வெட்டியிருக்கிறது. அப்படி வெட்டச் சொன்னவள் அவருடைய மனைவி ஞானமேரி.

அவர் வயர்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ரெட்டியார்பாளையத்தில் சொந்த வீடு. டோனி ஒரே மகன். மோட்டார் சைக்கிள் ஷோரூமில் வேலை பார்த்தான். ஞாயிறு பூசைக்கு மூன்று பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புவார்கள். கோவில் பங்கில் அந்தக் குடும்பத்துக்கு நல்ல பெயர்.

2011 கடைசியில் தானே புயல் அடித்தபோது ஊர் முழுக்கக் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. தனிஸ்லாஸை வைத்திக்குப்பத்துக்கு அனுப்பினார்கள். பதினோரு நாள் அங்கே கம்பம் நட்டு லைன் இழுத்தார். வேலை செய்த ஆட்களுக்குத் தண்ணீரும் டீயும் மாலா என்பவள் வீட்டிலிருந்து வந்தன. மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுப்பது அவள் தொழில். கட்டியவன் ஒரு மகளோடு அவளை விட்டுவிட்டுப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. குப்பத்துக்குக் கரண்ட் வந்த பிறகும் தனிஸ்லாஸ் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பக்கம் போய்வந்தார். ஓவர்டைம் என்று வீட்டில் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டார்.

ஞானமேரிக்கு விஷயம் தெரிய மூன்று வருஷம் ஆயிற்று. தெரிந்தபோது அவள் கத்தவில்லை. எங்கே போய்க் கத்துவது? அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அண்ணன் பிரான்சில் இருந்தார். அவள் கட்டிலை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். சமைத்தாள், துவைத்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பூசை கண்டாள். ஒருமுறை அவர் வண்டியிலிருந்து விழுந்து கால் பிசகியபோது மாலா இவளுக்கு போன் செய்து சொன்னாள். ஞானமேரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இனிமேல் உன் குரல் என் காதில் விழக்கூடாது என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு அந்த நம்பரைத் தன் போனில் ‘எடுக்காதே’ என்று பெயர் போட்டுச் சேமித்தாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் மொட்டை மாடியில் வடகம் உருட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் எண்ணெய். கைப்பிடிச் சுவரின் மேல் வைத்திருந்த போன் பதினொன்றே காலுக்கு அடித்தது. எட்டிப் பார்த்தாள். எடுக்காதே. அடித்து ஓயட்டும் என்று விட்டாள். மறுபடி அடித்தது. புறங்கையால் தேய்த்துக் கட் செய்தாள். மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது தடவை போனைக் கவிழ்த்து வைத்தாள். மொத்தம் ஏழு தடவை. பிறகு நின்றுபோயிற்று. நின்றதும் அவளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது. மீதி இருந்த உருண்டைகளை ஒரே அளவாக உருட்டி, வரிசையாக வைத்து முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினாள்.

ஒரு மணிக்கு டோனி கூப்பிட்டான். “அப்பா போயிட்டாரும்மா” என்றான். எங்கே என்று கேட்டாள். தனிஸ்லாஸின் போனிலிருந்து நம்பரை எடுத்து மாலா அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் சிநேகிதன் ஒருவனோடு காரில் போய், இப்போது அந்த வீட்டு வாசலில் நிற்கிறான். இவ்வளவும் அவன் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது.

டோனிக்கு மெரினை நிச்சயம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே மாதம் கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் குருவானவர். அவர்கள் வீட்டில் ஒரு பேச்சு வந்தால் கல்யாணம் நிற்காது. ஆனால் அந்தப் பேச்சு அந்தப் பெண்ணோடுகூட இந்த வீட்டுக்குள் வந்துவிடும்.

“கார்ல உக்கார வெச்சி அழச்சிக்கிட்டு வா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்ற மாதிரி” என்றாள் ஞானமேரி. “அவரு இங்கதான் செத்தாரு. நாளைக்கு விடியக்காலையில. நம்ம கட்டில்ல.”

தலையில் மஃப்ளர் சுற்றி, இரண்டு பேரும் இரண்டு பக்கம் தாங்கி, தனிஸ்லாஸை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு டோனி காய்ச்சல் என்றான். அன்றைக்கே இறந்தார் என்று சொன்னால், காலையில் வெளியே போனவர் எங்கே போயிருந்தார் என்று கேள்வி வரும். மறுநாள் விடிகாலையில் தூக்கத்தில் போனார் என்றால் ஒரு கேள்வியும் இல்லை. டோனியிடம் சொன்ன காரணம் அதுதான். அந்த ஏழு அழைப்புகளைப் பற்றி அவள் அவனிடம் சொல்லவில்லை.

அறைக்கதவைச் சாத்தி ஏ.சி.யைப் பதினாறில் வைத்தார்கள். விடிந்ததும் டோனி, தெருமுனையில் கிளினிக் வைத்திருந்த தெரிந்த டாக்டரை அழைத்து வந்தான். அவர் நாடி பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கொஞ்ச நேரம் டோனியையும் பார்த்தார். பிறகு மார்ச் ஒன்று, காலை நாலரை மணி என்று எழுதிக் கொடுத்தார்.

ஞாயிறு சாயங்காலமே அடக்கம். அந்த வாரம் லீவில் வந்திருந்த ஞானமேரியின் அண்ணன் கல்லறையில் பக்கத்தில் நின்றவர்களிடம், இது பிசெக்ஸ்தீல் வருஷம் என்றார். லீப் வருஷத்தை அவர் பிரெஞ்சில்தான் சொல்வார். மச்சான் ஒரு நாள் முந்திப் போயிருந்தால் நாலு வருஷத்துக்கு ஒருமுறை பூசை வைத்தால் போதும், இப்போது வருஷா வருஷம் செலவு வைத்துவிட்டுப் போய்விட்டார் என்றார். இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஞானமேரி குழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஊரடங்கு வந்தது. கல்யாணம் தள்ளிப்போய், வருஷக் கடைசியில் இருபது பேரோடு நடந்தது. மெரின் நல்ல பெண். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாள். பார்த்திராத மாமனாரின் படத்துக்கு அவள்தான் தினமும் பூ வைத்தாள். மார்ச் ஒன்றாம் தேதிப் பூசைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதும் அவள்தான். 2021, 22, 23, மூன்று வருஷமும் ஞானமேரி தினக்காலண்டரில் இருபத்தெட்டாம் தேதித் தாளைக் கிழித்தாள்; அடியில் மார்ச் ஒன்று இருந்தது. நடுவே எதுவும் இல்லை. அந்த ஏழு அழைப்புகளும் எந்தத் தாளிலும் இல்லை. அதற்காக அவள் கடவுளுக்கு நன்றி சொல்லவில்லை, ஆனால் கிட்டத்தட்ட அப்படி ஒன்றைத்தான் ஒவ்வொரு வருஷமும் உணர்ந்தாள்.

2024இல் அந்தத் தாள் இருந்தது. வியாழக்கிழமை. ஜனவரி மாதமே அதைப் புரட்டிப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

தவக்காலம் தொடங்கி இரண்டாவது வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து வெளியே வந்தபோது பங்கு ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் செம்மல் அவளை நிறுத்தினான். பூசைக் கருத்துகளை, அதாவது யார் நினைவாகப் பூசை என்பதை, நோட்டில் எழுதுவதும் பூசை தொடங்கும்போது மைக்கில் வாசிப்பதும் அவன் வேலை. “ஆன்ட்டி, அங்கிளுக்கு மார்ச் ஒண்ணுதான? மெரின் சிஸ்டர் எழுதிக் குடுத்திருக்காங்க. ஆனா இருபத்தொம்பதுக்கும் ஒருத்தர் வந்து எழுதிட்டுப் போயிருக்காங்க. தனிஸ்லாஸ், ரெட்டியார்பாளையம்னு. உங்க சொந்தமா?”

யார் என்று கேட்டாள். மாலா, வைத்திக்குப்பம் என்றான்.

ஞானமேரி நான்கு நாள் யாரிடமும் இதைச் சொல்லாமல் வைத்திருந்தாள். ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, டோனியும் மெரினும் வேலைக்குப் போன பிறகு ஆட்டோ பிடித்து வைத்திக்குப்பம் போனாள். மாசிமகம் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கடற்கரையில் பந்தல் கால்களைப் பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் மாலா வீடு எது என்று கேட்டாள். எந்த மாலா என்று அவர் கேட்டார். மீன் ஆய்கிற மாலா என்றாள். அந்த வார்த்தைகளைத் தன் வாயால் சொல்ல வேண்டி வந்ததே என்று இருந்தது.

மாலா அப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து வந்து குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ஞானமேரி அவளை இளமையாக, தளதளவென்று கற்பனை செய்து வைத்திருந்தாள். இவளுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். மெலிந்து, முன்பல் ஒன்று போய், விரல் முழுக்கக் கத்தி கீறிய பழைய தழும்புகளோடு இருந்தாள். இந்த ஒருத்திக்காகவா என்று நினைத்ததும் ஞானமேரிக்குக் கோபம் குறையவில்லை, கூடியது.

மாலா அவளை அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஞானமேரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவரு கடைசியா உக்காந்த நாற்காலி இது இல்லக்கா. அத அப்பவே எடுத்துப் போட்டுட்டேன்” என்றாள் மாலா.

ஞானமேரி உட்காரவில்லை. “யாரக் கேட்டுப் பூசைக்கு எழுதிக் குடுத்த?”

“யாரயும் கேக்கலக்கா.”

“கல்லுல என்னா தேதி போட்டிருக்குதுன்னு தெரியுமில்ல?”

“தெரியும். போயிப் பாத்தேன். தம்பி கல்யாணத்துக்காக அப்பிடிப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சிக்கிட்டேன்.” மாலா துண்டை மடித்துக் கொடியில் போட்டாள். முதல் வருஷமே வந்து கேட்டதாகச் சொன்னாள். அப்போது ஆபீஸில் இருந்த பெரியவர், இந்த வருஷம் அந்தத் தேதி கிடையாது, இருபத்தெட்டில் வைத்துக்கொள், இல்லாவிட்டால் மார்ச் ஒன்றில் வைத்துக்கொள், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்றாராம். இவள் வேண்டாம் என்று திரும்பிவிட்டாள்.

“இருபத்தெட்டு அன்னைக்கு அவரு உங்க வூட்டுல நல்லா இருந்தாரு. ஒண்ணாந்தேதி உங்க குழிக்குள்ள போயிட்டாரு. எனக்குன்னு இருந்தது நடுவுல அந்த ஒரு நாளுதாங்க்கா. அது வரட்டும்னு இருந்தேன்.”

அதை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதற்குப் பதில், நான்கு வருஷமாக யாரிடமும் கேட்க முடியாமல் இருந்ததைக் கேட்டாள். எப்படிச் செத்தார் என்று கேட்டாள்.

மாலா சொன்னாள். பத்து மணிக்கு வந்தார். இரண்டு இட்லி சாப்பிட்டார். நெஞ்சு கரிக்கிறது என்று தண்ணீர் கேட்டார். சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்தது. நூற்றெட்டுக்கு போன் போடுகிறேன் என்று இவள் எழுந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் இந்த வாசலில் வந்து நின்றால் ஊருக்கே தெரிந்துவிடும், ஞானத்தைக் கூப்பிடு, அவள் வந்து கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகட்டும் என்றார். இவள் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அவர் திரும்பப் போடு, திரும்பப் போடு என்றார். அரை மணி நேரம் அப்படியே போயிற்று. கடைசியில் அவர் சொன்னதைக் கேட்காமல் ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்கு ஓடினாள். ஆட்டோவோடு வந்தபோது தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

“ஏழு வாட்டி போட்டேன். ரெண்டாவது வாட்டி கட் ஆச்சு. அப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு” என்றாள் மாலா. அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. “அத நான் யாருகிட்டயும் சொல்லலக்கா. தம்பிகிட்டகூடச் சொல்லல. சொல்லவும் மாட்டேன். உங்க எடத்துல இருந்திருந்தா நானும் எடுத்திருக்க மாட்டேன்.”

ஞானமேரி வெளியே வந்து, ஆட்டோகூடப் பிடிக்காமல், வெயிலில் வெகுதூரம் நடந்தாள். அவள் சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். அந்தப் பெண் கத்தியிருந்தால், புருஷனைக் கொன்றவளே என்று தெருவைக் கூட்டியிருந்தால், இவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். பத்து வருஷத்துக் கத்தல் உள்ளே இருந்தது. அதற்கு வழி இல்லாமல் போயிற்று. அந்த மீன்காரி தன்னை மன்னித்துவிட்டாள். மன்னித்தது மட்டுமல்ல, ரகசியத்தைக் காப்பாற்றியும் வருகிறாள். யார் யாரை மன்னிப்பது? வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலை பங்கு ஆபீஸுக்குப் போனாள். இருபத்தொன்பதாம் தேதிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். நான்கு பெயர்கள் இருந்தன. தனிஸ்லாஸ் இரண்டாவது. அதற்குக் கீழே மரிய சவரிநாதன், நிர்மலா கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து இறந்துபோன சவரிநாதன் பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்தவர். நான்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் பிறந்தநாள் என்று உயிரோடிருந்தபோது பங்கே அவரைக் கேலி செய்யும். அவர் மனைவி நிர்மலா அவருடைய பதினேழாவது பிறந்தநாள் என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதாகச் செம்மல் சொன்னான்.

“ரெண்டாவது பேர அடிச்சிடு” என்றாள் ஞானமேரி. “அந்தப் பொம்பளைக்குப் புத்தி சரியில்ல. எப்பவோ இவரு லைன் போட்டுக் குடுத்தாருன்னு சொந்தம் கொண்டாடிக்கிட்டு வருது. எங்க வீட்டுப் பூசை ஒண்ணாந்தேதிதான்.”

செம்மல் தயங்கினான். அவள் பங்கில் முப்பது வருஷமாக இருப்பவள். அவன் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தான்.

அன்று சாயங்காலம் மெரின் சாப்பாட்டு மேஜையில் குட்டிக் குட்டிக் கடிதங்களை மடித்து உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். லீப் நாளுக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஏற்பாடாம். பிள்ளைகள் 2028இல் இருக்கப்போகும் தங்களுக்கே கடிதம் எழுதுகிறார்கள். தகரப்பெட்டியில் போட்டுப் பூட்டி, அடுத்த பிப்ரவரி இருபத்தொன்பதில்தான் திறப்பார்கள். “சும்மா கெடச்ச நாளாம், அத்த. கணக்குல வராத நாளு. அன்னைக்கு நல்லது ஏதாவது ஒண்ணு செய்யணும்னு பிள்ளைங்ககிட்டச் சொல்லியிருக்கோம்” என்றாள். ஞானமேரி அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி எழுந்து போனாள்.

வியாழக்கிழமை மாலைப் பூசைக்கு அவள் தனியாகப் போனாள். பெயர் வாசிக்கப்படவில்லை என்பதைத் தன் காதால் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றுதான் போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மாலா முன்னாலேயே வந்திருந்தாள். பெண்கள் பக்கம் தூண் ஓரமாக, சலவை மடிப்புக் கலையாத சேலையில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்போது எழுவது, எப்போது மண்டியிடுவது என்று தெரியாமல் பக்கத்துப் பெண்ணைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

செம்மல் மைக்கில் வாசித்தான். ஆரோக்கியம்மாள், ரெட்டியார்பாளையம். மரிய சவரிநாதன், பிறந்தநாள் நினைவு. ஒரு குடும்பத்தின் நன்றிப் பூசை. அவ்வளவுதான். வருகைப் பாடல் தொடங்கிவிட்டது. மாலா தலையைத் தூக்கிக் காத்திருந்தாள். அன்றைய வாசகம் பணக்காரனின் வாசலில் கிடந்த லாசரைப் பற்றியது. ஞானமேரிக்கு அது மனப்பாடம், காதில் வாங்கவில்லை. மாலா ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், அதற்குள் எங்காவது அந்தப் பெயர் வந்துவிடும் என்பதுபோல. நன்மை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் போனபோதும் அவள் உட்கார்ந்த இடத்தில் கையைக் கூப்பியபடி இருந்தாள். கடைசி ஆசீர்வாதமும் முடிந்தது.

வெளியே, செருப்பு கிடக்கும் இடத்தில், மாலா அவளைப் பார்த்துவிட்டாள். ஓடாத குறையாக வந்தாள்.

“நீங்களும் வந்தீங்களாக்கா” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. இவள் தனக்காகத்தான், அந்த நாளுக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “அவரு பேரு வரவே இல்லயே. நான் சரியா எழுதிக் குடுக்கலயா?”

ஆபீஸில் போய்க் கேள் என்று ஞானமேரி சொல்லியிருக்கலாம். நான்தான் அடிக்கச் சொன்னேன் என்றும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் வேறு ஒன்று வந்தது.

“வாசிச்சாங்களே” என்றாள். “கோவில்ல ஞானஸ்நானப் பேரத்தான் வாசிப்பாங்க. உனக்கு அது தெரியாது.”

“என்னா பேருக்கா?”

“மரிய சவரிநாதன்.”

மாலா ஒரு கணம் யோசித்தாள். பிறகு முகம் முழுக்க மலர்ந்தது. “கேட்டேங்க்கா. அந்தப் பேரு என் காதுல விழுந்துது. விழுந்தப்பவே உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுச்சு, யாரு எவருன்னு தெரியாமயே” என்றாள். மரிய சவரிநாதன், மரிய சவரிநாதன் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எட்டு வருஷப் பழக்கத்தில் இந்தப் பெயரைத் தன்னிடம் ஒருநாளும் அவர் சொல்லவில்லையே என்றாள். ஞானமேரியின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கேட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாப் பக்கம் போனாள்.

மறுநாள் மார்ச் ஒன்று. குடும்பத்தோடு பூசை. தனிஸ்லாஸ் பெயரைச் செம்மல் நிறுத்தி, தெளிவாக வாசித்தான். மெரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டில் பத்துப் பேருக்கு டிபன் சொல்லியிருந்தார்கள். ஞானமேரி எல்லோருக்கும் பரிமாறினாள். ஜெயித்துவிட்டதாகத் தோன்ற வேண்டும் என்று காத்திருந்தாள். சாம்பார் வாளியைப் பிடித்த கை வலித்ததுதான் மிச்சம்.

எட்டு மாதம் கழித்து, நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். கல்லறைகளுக்கு வெள்ளை அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். கல்லறையின் நடுவே பீடம் வைத்துப் பூசை. குடும்பங்கள் கொடுத்த பெயர்களைச் செம்மல் கொடுத்தவர் பெயரோடு சேர்த்து வாசித்துக்கொண்டே போனான். அது நீண்ட பட்டியல். எல்லோரும் தங்கள் வீட்டுப் பெயர் வரும்வரைதான் கவனிப்பார்கள். நிர்மலா ரெட்டியார்பாளையம், மரிய சவரிநாதன் என்று வந்தது. பத்துப் பதினைந்து பெயர் தள்ளி, மாலா வைத்திக்குப்பம், மரிய சவரிநாதன் என்று வந்தது.

ஞானமேரிக்கு இரண்டு கல்லறை தள்ளித்தான் நிர்மலா நின்றிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்தது ஞானமேரிக்குத் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து நிர்மலா வீட்டுக்கு வந்தாள். இருவரும் ஒரே அன்பியத்தில், பங்கின் ஒரே ஜெபக்குழுவில், இருப்பவர்கள். ஜெபக்கூட்டத்திலும் பூசையிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கிற பெண். அன்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். செம்மலிடம் போய் நோட்டைப் பார்த்தாளாம். வைத்திக்குப்பத்துப் பெண் ஒருத்தி வந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். என்ன உறவு என்று செம்மல் கேட்டதற்கு அவள் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனாளாம். பிப்ரவரியில் அடித்த பெயரைப் பற்றிச் செம்மல் வாய் திறக்கவில்லை என்று ஞானமேரிக்குப் புரிந்தது. தன் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளிக்கூடம் என்று இருந்தவர். சனிக்கிழமைகளில் மட்டும் படம் வரையக் கடற்கரைப் பக்கம் போவார் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

“ஒரு வாரமா தூக்கமே இல்ல, ஞானம். அவரு வரஞ்ச படத்தையெல்லாம் எடுத்து எடுத்துப் பாக்குறேன். ஒண்ணுல படகுகிட்ட ஒரு பொம்பள நிக்குறா. இத்தினி வருஷமா அது சுவத்துல மாட்டியிருக்குது, நான் யாருன்னு கேட்டதே இல்ல. உனக்கு அந்தப் பக்கம் யாரயாவது தெரியுமா? அவ யாருன்னு விசாரிச்சிச் சொல்ல முடியுமா? அவரு அப்பிடிப்பட்டவரு இல்லன்னு நீயாவது சொல்லு.”

ஒரே ஒரு வாக்கியம் போதும். அது உன் வீட்டுக்காரர் இல்லை, என் வீட்டுக்காரர் என்று சொன்னால் நிர்மலா எழுந்து நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். சமையலறையில் மெரின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முன்னறைச் சுவரில் தனிஸ்லாஸ் படத்தில் அன்றைய பூ இருந்தது. ஞானமேரி நிர்மலாவின் வீங்கிய கண்களைப் பார்த்தாள். பத்து வருஷத்துக்கு முன்னால் தன் கண்ணாடியில் பார்த்த கண்கள். அப்போது தன் பக்கத்தில் வந்து உட்கார ஒருவரும் இல்லை என்று நினைத்தாள்.

“ஆம்பளைங்களப் பத்தி நமக்கு என்னா தெரியும், நிர்மலா” என்றாள்.

நிர்மலா ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வருஷம் டிசம்பரில், சவரிநாதன் இறந்த நாளுக்கு அவள் பூசை கொடுக்கவில்லை. மறந்துவிட்டாள்போல என்று செம்மல் போன் செய்து ஞாபகப்படுத்தினான். மறக்கவில்லை என்று சொல்லி அவள் வைத்துவிட்டாளாம். இதையெல்லாம் செம்மல்தான் ஞானமேரியிடம் சொன்னான். அப்படியா என்று கேட்டுக்கொண்டு அவள் கோவிலுக்குள் போய்த் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. நிர்மலா அதற்குப் பிறகு முன்வரிசைக்குப் போய் உட்கார ஆரம்பித்திருந்தாள், யார் பக்கத்திலும் இல்லாமல்.